பிரித்தது இயந்திரம், முடித்தது யார்?

2023 ஜூன் மாதம் பி.பி.சி. வானொலிப் பேட்டி ஒன்றில், பீட்டில்ஸின் கடைசிப் பாட்டு ஏ.ஐ. உதவியோடு தயாராகிவிட்டது என்று பால் மெக்கார்ட்னி போகிற போக்கில் சொன்னார். அந்தப் பேச்சு உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. ஜான் லெனன் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டது 1980 டிசம்பரில். ஜார்ஜ் ஹாரிசன் இறந்தது 2001 நவம்பரில். நால்வரில் இருவர் இல்லாத குழு புதுப்பாட்டு வெளியிடுகிறது என்றால், இல்லாதவர்களின் குரலைக் கணினிதான் தயாரித்திருக்க வேண்டும் என்று பலர் முடிவுகட்டினார்கள். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. இரண்டு மாதம் முன்புதான் டிரேக், தி வீக்கெண்ட் என்ற இரு பாடகர்களின் குரலைப் போலியாகச் செய்த ஒரு பாட்டு இணையத்தில் காட்டுத்தீயாகப் பரவி, பிறகு நீக்கப்பட்டிருந்தது. செயற்கையாக எதுவும் உருவாக்கப்படவில்லை என்று மெக்கார்ட்னி சில நாட்களில் விளக்கம் தர வேண்டியதாயிற்று. நவம்பர் 2-ம் தேதி ‘நவ் அண்ட் தென்’ வெளியானது. அடுத்த வாரமே பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1969-க்குப் பிறகு, 54 ஆண்டுகள் கழித்து பீட்டில்ஸுக்குக் கிடைத்த முதலிடம் அது. 2025 பிப்ரவரியில் கிராமி விருதும் வந்தது.

வெற்றி ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஜூன் மாதக் குழப்பம்தான் இன்னும் தீரவில்லை. இறந்தவரைப் பாட வைத்துவிட்டார்கள் என்று வியப்பவர்களும், இறந்தவரைப் பாட வைக்கலாமா என்று கோபப்படுபவர்களும் ஒரே தவறான இடத்தில் நிற்கிறார்கள். இந்தத் தொழில்நுட்பம் ஒரு வரிகூடப் பாடவில்லை, ஒரு சுரம்கூட அமைக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பு ஒலிநாடாவில் மாற்ற முடியாதபடி பூட்டப்பட்ட முடிவுகளை அது திறந்துவிட்டிருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவு’ சிறியதல்ல. பூட்டு திறந்த பிறகு எதை வைப்பது, எதை எடுப்பது, எதைச் சேர்ப்பது என்ற முடிவுகள் எல்லாம் மனிதர்களிடம் திரும்பி வந்திருக்கின்றன. ஆகவே விசாரிக்க வேண்டியது இயந்திரத்தை அல்ல. அந்த முடிவுகளை யார் எடுக்கிறார்கள், எந்த உரிமையில் எடுக்கிறார்கள், செய்ததை மறைக்காமல் சொல்கிறார்களா என்பதை.

ஒலிநாடாவின் பூட்டு

பூட்டு எங்கே இருந்தது என்று தெரிந்தால்தான் திறந்ததன் அருமை புரியும். 1963 பிப்ரவரி 11-ம் தேதி, லண்டன் அபே ரோடில் உள்ள இ.எம்.ஐ. ஸ்டூடியோவில், பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்துக்காக ஒரே நாளில் 10 பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். கையில் இருந்தது இரண்டே தடங்கள் கொண்ட ஒலிநாடா. குரல்கள் ஒரு தடத்தில், வாத்தியங்கள் அனைத்தும் மற்றொன்றில். வானொலிக்கும் வீட்டு ரெக்கார்டு பிளேயருக்கும் மோனோ போதும். அதற்காகக் குரலையும் வாத்தியத்தையும் சமன் செய்ய வசதியாக இருக்கட்டும் என்றுதான் இரண்டு தடங்கள். அதையே பின்னர் ஸ்டீரியோவாக வெளியிட்டபோது, ஒரு காதில் பாட்டும் மறு காதில் மேளமும் கிதாரும் கேட்டன. அந்த ஆண்டு உலகையே ஆட்டிய ‘ஷி லவ்ஸ் யூ’ பாட்டின் நிலை இன்னும் மோசம். அதன் மூலநாடா மிஞ்சவில்லை; எல்லாம் கலந்து முடித்த மோனோ பதிவு மட்டுமே எஞ்சியது.

1966-ல் ‘ரிவால்வர்’ ஆல்பத்துக்கு வரும்போது தடங்கள் நான்காகியிருந்தன. கற்பனை அதைவிடப் பல மடங்கு பெருகியிருந்தது. ஆல்பத்தின் முதல் பாட்டான ‘டாக்ஸ்மேன்’-ல் டிரம்ஸ், பேஸ், கிதார் மூன்றும் சேர்ந்தே இசைக்கப்பட்டு ஒரே தடத்தில் பதிவாயின. பேஸை மட்டும் கொஞ்சம் தூக்கலாம் என்று பின்னால் நினைத்தால் டிரம்ஸும் கூடவே எழும். ஒரு வாத்தியத்தைத் தொட்டால் மூன்றும் அசையும். மறு ஆண்டு வந்த ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பத்துக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. அங்கே நான்கு தடங்களும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து வேறொரு நாடாவில் சுருக்கி எழுதி, மேலே புதியவற்றைச் சேர்த்தார்கள். கலப்பதற்கு முந்தைய நாடாக்களை இ.எம்.ஐ. பத்திரமாக வைத்திருந்தது. அதனால், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் 2017-ல் அந்த நாடாக்களுக்குத் திரும்பிப் போய் ஆல்பத்தைப் புதிதாகக் கலக்க முடிந்தது. ‘ரிவால்வர்’ விஷயத்தில் திரும்பிப் போக இடமே இல்லை. வாத்தியங்கள் கலந்தது நாடாவில் அல்ல, மைக்குக்குள் நுழையும்போதே.

அன்னமும் கணினியும்

இப்படிக் கலந்துபோன ஒலியைப் பிரிக்கும் முதல் முயற்சி அபே ரோடிலேயே நடந்தது. 1964, 1965-ல் அமெரிக்காவின் ஹாலிவுட் பவுல் அரங்கில் பீட்டில்ஸ் நடத்திய கச்சேரிகள் மூன்று தட நாடாவில் பதிவாகியிருந்தன. ரசிகைகளின் இடைவிடாத கூச்சலில் பாட்டு மூழ்கிப் போயிருந்தது. 1977-ல் ஜார்ஜ் மார்ட்டின் அதை முடிந்தவரை தேற்றி ஆல்பமாக்கினார். ஜேம்ஸ் கிளார்க் என்ற மென்பொருள் பொறியாளர், கூச்சலையும் வாத்தியங்களையும் பிரித்தெடுக்கும் முறை ஒன்றை உருவாக்க, 2016-ல் அதே கச்சேரி தெளிவான ஒலியோடு மறுபடி வெளிவந்தது.

பெரிய பாய்ச்சல் இசை உலகத்திலிருந்து வரவில்லை, சினிமாவிலிருந்து வந்தது. 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் ஒத்திகை பார்ப்பதையும் பதிவு செய்வதையும் மைக்கேல் லிண்ட்ஸே-ஹாக் படம் பிடித்திருந்தார். சுமார் 60 மணி நேரப் படச்சுருளும் 150 மணி நேர ஒலிப்பதிவும் கிடப்பில் கிடந்தன. அதிலிருந்து ‘கெட் பேக்’ ஆவணத் தொடரை உருவாக்கும் பொறுப்பு நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சனிடம் வந்தது. ஒலிப்பதிவில் பெரும்பகுதி ஒற்றைத் தடத்தில் இருந்தது. போதாக்குறைக்கு, தங்கள் பேச்சு மைக்கில் விழக்கூடாது என்று கிதாரைச் சத்தமாக மீட்டிக்கொண்டே பேசும் வழக்கமும் பீட்டில்ஸிடம் இருந்தது. எமில் டி லா ரே தலைமையிலான ஜாக்சனின் ஒலிக்குழு இதற்கென்றே ஒரு கருவியை உருவாக்கி, ‘மால்’ என்று பெயர் வைத்தது. இயந்திரக் கற்றல் என்பதன் சுருக்கமாகவும், பீட்டில்ஸின் உதவியாளர் மால் எவன்ஸின் நினைவாகவும் அமைந்த பெயர் அது.

இந்தக் கருவிகளின் வேலை முறை மந்திரம் இல்லை. கணினி முதலில் ஒலியை ஒரு படமாக மாற்றிக்கொள்கிறது. இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண், ஒவ்வொரு புள்ளியிலும் ஒலியின் வலிமை. தனித்தனியாகப் பதிவான குரல்கள், கிதார்கள், டிரம்ஸ்கள் ஆயிரக்கணக்கில் முன்பே அதற்குக் காட்டப்பட்டிருக்கும். மனிதக் குரல் அந்தப் படத்தில் எப்படித் தெரியும், கம்பியின் அதிர்வு எப்படித் தெரியும், தோலில் விழும் அடி எப்படித் தெரியும் என்று அது பழகியிருக்கும். பிறகு கலந்த ஒலியைக் கொடுத்தால், இந்தப் புள்ளியில் இவ்வளவு குரல், இவ்வளவு கிதார் என்று பங்கு பிரிக்கும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தை நாம் இலக்கியத்தில் அறிவோம். அன்னம் இருப்பதைப் பிரிக்கிறது. இந்தக் கணினியோ இருந்திருக்கும் என்று தான் கணிப்பதைப் பிரிக்கிறது. அந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது. இந்தக் கட்டுரையின் கடைசியில் அது முக்கியமாகும்.

கருவி தயாரானதும் பூட்டுகள் வரிசையாகத் திறந்தன. 2021 நவம்பரில் ‘கெட் பேக்’ வெளிவந்தது. 2022 அக்டோபரில், ‘டாக்ஸ்மேன்’-ன் ஒற்றைத் தடத்திலிருந்து டிரம்ஸும் பேஸும் கிதாரும் தனித்தனியே எடுக்கப்பட்டு, ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓகெல்லும் கலந்த புதிய ‘ரிவால்வர்’ வந்தது. 2023 நவம்பரில், ‘ஷி லவ்ஸ் யூ’ பிறந்து 60 ஆண்டுகளுக்குப் பிறகு, உண்மையான ஸ்டீரியோவில் ஒலித்தது.

கேசட்டுக்குப் பிறகு நடந்தவை

‘நவ் அண்ட் தென்’ பாட்டை லெனன் 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் வீட்டில், பியானோ வாசித்துக்கொண்டே சாதாரணக் கேசட்டில் பாடி வைத்திருந்தார். 1994-ல் லெனனின் மனைவி யோகோ ஓனோ அந்தக் கேசட்டுகளை மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். அவற்றிலிருந்த ‘ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்’, ‘ரியல் லவ்’ ஆகிய இரண்டும் ஜெஃப் லின்னின் தயாரிப்பில் 1995, 1996-ல் பீட்டில்ஸ் பாட்டுகளாக வெளியாயின. மூன்றாவதான ‘நவ் அண்ட் தென்’ 1995-ல் சில நாள் முயற்சிக்குப் பிறகு கைவிடப்பட்டது. மின்சார இரைச்சல் ஒருபுறம், குரலை அமுக்கும் பியானோ மறுபுறம். 2022-ல் ஜாக்சனின் குழு பியானோவிலிருந்து குரலைப் பிரித்துக் கொடுத்தது. இயந்திரத்தின் பங்கு அத்தோடு முடிந்தது.

அதன் பிறகு நடந்தவற்றைப் பட்டியலிட்டால், கட்டுரையின் வாதத்துக்கு அதைவிடச் சான்று வேண்டாம். 1995-ல் ஹாரிசன் வாசித்த கிதார் பகுதிகள் சேர்க்கப்பட்டன. ரிங்கோ ஸ்டார் புதிதாக டிரம்ஸ் வாசித்தார். ஹாரிசனின் பாணியில் ஸ்லைடு கிதார் வாசித்தது மெக்கார்ட்னி. லாஸ் ஏஞ்சலிஸின் கேபிடல் ஸ்டூடியோவில் வயலின், செல்லோ குழு பதிவானது. லெனன் பாடியிருந்த ஒரு பகுதி முழுசாக நீக்கப்பட்டது. ‘எலினார் ரிக்பி’, ‘ஹியர், தேர் அண்ட் எவ்ரிவேர்’, ‘பிகாஸ்’ ஆகிய பழைய பாட்டுகளிலிருந்து பின்னணிக் குரல்கள் எடுத்துக் கோக்கப்பட்டன. இவற்றில் ஒன்றையும் ஏ.ஐ. செய்யவில்லை. லெனன் பாடிய பகுதியை நீக்கியது சரியா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை மெக்கார்ட்னியோடு போட வேண்டியது. இந்தப் பாட்டுக்காக ஒருபோதும் பாடப்படாத குரல்களை வேறு பாட்டிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதுதான் உண்மையில் கேள்விக்குரிய இடம். அதுவும் புதிய வித்தை அல்ல. 2006-ல் ‘லவ்’ என்ற ஆல்பத்தில் ஜார்ஜ் மார்ட்டினும் ஜைல்ஸும் பீட்டில்ஸ் பாட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியபோது அதையே செய்தார்கள்.

மூன்று ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம் கலை சார்ந்தது, வலுவானதும் கூட. நான்கே தடங்கள் என்ற நெருக்கடிதான் பீட்டில்ஸின் இசையை உருவாக்கியது. அந்த நெருக்கடியில் எடுத்த முடிவும் கலையின் பகுதி. அதை இன்று அவிழ்ப்பது ஓவியத்தின் வண்ணத்தைச் சுரண்டுவதற்குச் சமம் என்பது வாதம். சில பாட்டுகளில் இது முழு உண்மை. ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டுக்காக, வளையமாக ஒட்டிய நாடாத் துண்டுகளைப் பல இயந்திரங்களில் ஓடவிட்டு, அந்த நேரத்திலேயே கைகளால் ஏற்றி இறக்கிக் கலந்தார்கள். அங்கே கலப்பதே வாசிப்பு. ஆனால் எல்லா நெருக்கடியும் கலை அல்ல. முதல் ஆல்பத்தில் பாட்டு ஒரு காதிலும் மேளம் மறு காதிலும் கேட்பது யாருடைய கலை முடிவும் இல்லை. ‘சார்ஜன்ட் பெப்பர்’-ன் மோனோ கலவைக்குத்தான் நால்வரும் உட்கார்ந்து நேரம் செலவிட்டார்கள். ஸ்டீரியோ கலவை அவர்கள் இல்லாமலே அவசரமாக முடிந்தது. உலகம் அரை நூற்றாண்டாக ‘மூலம்’ என்று நம்பிக் கேட்டது பெரும்பாலும் அந்த ஸ்டீரியோவைத்தான். மேலும், பீட்டில்ஸ் தொழில்நுட்பத்துக்கு அஞ்சியவர்கள் அல்ல. ஒரே வரியை இருமுறை பாடிச் சலித்த லெனனுக்காகவே, ஒரு குரலை இரட்டிக்கும் கருவிமுறையை அபே ரோடின் கென் டவுன்சென்ட் 1966-ல் கண்டுபிடித்தார். ஆக, கேட்க வேண்டியது பொதுவான கேள்வி அல்ல. பாட்டுக்குப் பாட்டு, இது முடிவா, வேறு வழியில்லாமையா என்று பார்த்தே சொல்ல முடியும்.

இரண்டாவது ஆட்சேபம் சம்மதம் பற்றியது. லெனன் அந்தக் கேசட்டை வெளியிடச் சொல்லவில்லை. ஹாரிசனுக்கு ‘நவ் அண்ட் தென்’ பிடிக்கவில்லை என்று மெக்கார்ட்னியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றவர் இறந்த பிறகு அவருடைய கிதாரையே அந்தப் பாட்டில் சேர்ப்பது நியாயமா? 1995-ல் அவரைத் தடுத்தது தொழில்நுட்பக் குறைதான், இன்று இருந்திருந்தால் மனமுவந்து சேர்ந்திருப்பார் என்று அவருடைய மனைவி ஒலிவியா ஹாரிசன் விளக்கம் தந்தார். குடும்பத்தின் வார்த்தையை மதிக்கலாம். ஆனாலும் அது இறந்தவரின் சம்மதம் ஆகிவிடாது. இந்தக் குறை அந்தப் பாட்டில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அதே சமயம் இந்தக் குறைக்கு இயந்திரம் காரணமல்ல என்பதற்கு பீட்டில்ஸ் வரலாற்றிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1970-ல், ‘தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்’ பாட்டின் மேல் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் பெரிய இசைக்குழுவையும் பெண்கள் கோரஸையும் ஏற்றினார். மெக்கார்ட்னி உயிரோடு, அதே நகரத்தில் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. குழுவைக் கலைக்க அவர் நீதிமன்றம் போனபோது அந்தக் கோபமும் கூடவே போனது. 2003-ல் அந்த அலங்காரங்கள் இல்லாத பதிப்பு வெளிவந்தது. ஒரு துளி ஏ.ஐ. இல்லாத காலத்தில், உயிரோடு இருந்தவரின் பாட்டே அவர் சம்மதமின்றி மாற்றப்பட்டது. அத்துமீறலுக்குக் கருவி தேவையில்லை, அதிகாரம் போதும்.

மூன்றாவது ஆட்சேபம் வியாபாரம். ஒரே ஆல்பத்தை மோனோ, ஸ்டீரியோ, புதுக்கலவை, பெட்டித் தொகுப்பு என்று எத்தனை முறை விற்பார்கள்? உண்மைதான். 2025 நவம்பரில்கூட ‘ஆந்தாலஜி’ தொகுப்பு மீண்டும் வந்தது. ‘ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்’, ‘ரியல் லவ்’ இரண்டும் பிரித்தெடுத்த லெனன் குரலோடு புதுக்கலவையாக அதில் இடம்பெற்றன. ஆனால் லாப நோக்கம் இருப்பதாலேயே ஒலி பொய்யாகிவிடாது. 1963-லும் இ.எம்.ஐ. தர்மத்துக்கு ரெக்கார்டு போடவில்லை. வியாபாரம் கெடுதலாவது, புதிய பதிப்பு பழையதைச் சந்தையிலிருந்து துரத்தும்போதுதான்.

எல்லைக்கோடு

இங்கே நம் ஊருக்கு நேரடியான தொடர்பு வருகிறது. 2024-ல் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களை ஏ.ஐ. மூலம் ஏ.ஆர்.ரஹ்மான் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அதே ஆண்டு ‘கோட்’ படத்தின் ‘சின்ன சின்ன கண்கள்’ பாட்டில் மறைந்த பாடகி பவதாரிணியின் குரல் அதே வழியில் ஒலித்தது. லெனன் பாட்டையும் இவற்றையும் ‘ஏ.ஐ. பாட்டு’ என்று ஒரே பெட்டியில் போடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டும் எதிரெதிர் வேலைகள். ஒன்றில் பாடகர் பாடியது கிடைத்திருக்கிறது. மற்றதில் பாடகர் பாடாததைப் பாடியதுபோலச் செய்திருக்கிறார்கள். இரண்டாவதும் அனுமதியோடு, அறிவிப்போடு செய்யப்படலாம், மனதைத் தொடவும் செய்யலாம். ஆனால் அந்தப் பாட்டின் மூச்சும் அழுத்தமும் எங்கே நிறுத்துவது என்ற தேர்வும் மறைந்த பாடகருடையவை அல்ல. பாடகர் என்பவர் குரல்நிறம் மட்டும் இல்லை. அந்தத் தேர்வுகளின் மொத்தம்.

பிரிப்பதும் முழுச் சுத்தம் இல்லை என்று முன்பே சொன்னோம். பியானோவும் குரலும் ஒரே அதிர்வெண்ணில் மோதும் இடத்தில் கணினி கணிக்கத்தான் செய்கிறது. கணிப்பு தவறினால் குரலின் ஓரம் உலோகம்போலக் கிறீச்சிடும், டிரம்ஸின் அதிர்வு பாதியில் அறுந்துபோகும். கணிப்பு நன்றாக இருந்தாலோ நமக்குத் தெரியவே தெரியாது. அதுதான் பெரிய ஆபத்து. ஆகவே எல்லைக்கோட்டை மென்பொருளின் பெயரை வைத்துக் கீற முடியாது. மூன்று நிபந்தனைகளை வைத்துக் கீறலாம். பழைய பதிவு அப்படியே கிடைக்க வேண்டும். எது பிரிக்கப்பட்டது, எது நீக்கப்பட்டது, எது புதிதாகச் சேர்ந்தது என்று உறையிலேயே சொல்ல வேண்டும். ஒருவர் பாடாததை அவர் பாடியதாகக் காட்டக்கூடாது. பீட்டில்ஸ் வெளியீடுகள் முதல் நிபந்தனையை நிறைவேற்றுகின்றன, இரண்டாவதைப் பெரும்பாலும் நிறைவேற்றுகின்றன. மூன்றாவதில், பழைய பின்னணிக் குரல்களை ஒட்டிய இடத்தில் மட்டும் கோட்டை மிதித்திருக்கின்றன.

இந்த நிபந்தனைகள் பணக்காரக் குழு ஒன்றின் பொழுதுபோக்கு விவாதம் அல்ல. பீட்டில்ஸுக்கு அபே ரோடு இருக்கிறது, பாதுகாத்த நாடாக்கள் இருக்கின்றன, மறுத்துப் பேச இரண்டு உறுப்பினர்கள் உயிரோடு இருக்கிறார்கள். 1950, 60-களின் தமிழ்த் திரைப்பாட்டுகளில் பெரும்பாலானவை பாடகரும் இசைக்குழுவும் ஒரே கூடத்தில் ஒருசேர நின்று, ஒற்றைத் தடத்தில் பதிவானவை. விஸ்வநாதன் - ராமமூர்த்தி பாட்டுகளில் புல்லாங்குழலும் வயலினும் வாசித்தவர்களின் பெயர் ரெக்கார்டு உறையில் பெரும்பாலும் இருந்ததில்லை. குரலுக்கு அடியில் அமுங்கிய அவர்களுடைய வாசிப்பை முதன்முறையாகத் தனியே கேட்கும் வாய்ப்பை இதே தொழில்நுட்பம் தர முடியும். இன்று வீட்டுக் கணினியிலேயே ஓடும் இலவசப் பிரிப்பு மென்பொருள்கள் 2019 முதல் கிடைக்கின்றன. அதே மென்பொருளால் அந்த வாசிப்பைத் துடைத்துவிட்டு, மேலே புது பீட் போட்டு, பழைய பாட்டு என்றே விற்கவும் முடியும். முடிவெடுத்த இசையமைப்பாளரும் இல்லை, வாசித்தவரும் இல்லை. உரிமை மட்டும் ஒரு நிறுவனத்தின் கோப்பில் இருக்கிறது என்ற நிலையில், எந்த வழி லாபமோ அந்த வழிதான் நடக்கும். அதனால், மூலப்பதிவைக் காப்பதும் செய்த மாற்றத்தை எழுதிவைப்பதும் பீட்டில்ஸுக்கு நல்ல பழக்கம் என்றால், நமக்கு அவை முன்நிபந்தனை. பிரிக்கும் கருவியை வாங்குவதற்கு முன், பிரித்ததைக் கலப்பவருக்கான விதியை நாம் எழுதியாக வேண்டும்.